ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும்

காலை வேளையில் நகரத்துச் சாலையோரம் சிறிது நேரம் நின்று நோக்குவோர், அங்கு விரையும் ஊர்திகளுள் மிகப் பல இருசக்கர ஊர்திகளே என்பதைக் காண்பர். அலுவலகம் செல்வோர், கடை திறக்கச் செல்வோர், பிள்ளைகளைப் பள்ளியில் விடச் செல்வோர் எனப் பலரும் அவற்றையே நம்பியிருக்கின்றனர். அவ்வூர்திகள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று மோட்டார் சைக்கிள், மற்றொன்று ஸ்கூட்டர். இரண்டிற்கும் சக்கரங்கள் இரண்டே. இரண்டும் ஒருவரையோ இருவரையோ சுமந்து செல்வன. அங்ஙனம் இருந்தும், ஒருவர் ஒன்றை நாடுகின்றார்; மற்றொருவர் மற்றதை நாடுகின்றார்.

இவ்வேற்றுமையைக் கண்டு இளைஞர் சிலர் நகையாடுவதும் உண்டு. மோட்டார் சைக்கிளே வீரர்க்கு உரியது என்றும், ஸ்கூட்டர் முதியோர்க்கும் மகளிர்க்கும் மட்டுமே ஏற்றது என்றும் அவர்கள் கூறுவர். ஒரு பொருளைப் பிறர் ஏன் விரும்புகின்றனர் என்று ஆராயாமல் எள்ளுதல் அறிவுடையோர் செயல் அன்று. ஸ்கூட்டரை விரும்புவோரின் உள்ளத்தை அறிய வேண்டுமாயின், அவ்வண்டி பிறந்த வரலாற்றையும் அதன் அமைப்பையும் முதற்கண் அறிதல் வேண்டும்.

மோட்டார் சைக்கிள் வயதில் மூத்தது. 1885-ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டில் கோட்லீப் டைம்லர், வில்ஹெல்ம் மேபாக் என்னும் இருவர் மரச்சட்டம் ஒன்றில் பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தி ஓட்டிக் காட்டினர். அதன்பின் வந்தோர் மிதிவண்டியின் வடிவத்தையே பின்பற்றி மோட்டார் சைக்கிளை வளர்த்தனர். ஆதலின் இன்றும் அதன் சக்கரங்கள் பெரியன. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே எஞ்சின் அமைந்துள்ளது. அதன்மேல் பெட்ரோல் தொட்டி உள்ளது. எஞ்சினின் ஆற்றலைப் பெரும்பாலான வண்டிகளில் ஒரு சங்கிலி பின்சக்கரத்திற்குக் கொண்டு சேர்க்கின்றது. ஓட்டுவோர் குதிரைமேல் ஏறுவதுபோல் ஒரு காலைத் தூக்கிப் போட்டு ஏறி அமர்ந்து, தொட்டியை முழங்கால்களால் அணைத்துக்கொள்வர்.

இவ்வமைப்பில் நன்மைகள் பல உள்ளன. எடை நடுவில் அமைவதால் வண்டி நிலைபெற்று ஓடும். பெரிய சக்கரங்கள் மேடு பள்ளங்களை எளிதில் கடக்கும். முழங்கால்களின் பிடியினால் வளைவுகளில் வண்டியை அடக்கி ஆளலாம். எனினும், எல்லா மாந்தர்க்கும் எல்லா வேளைகளிலும் இவ்வமைப்பு ஏற்றதாக இருப்பதில்லை. காலைத் தூக்கிப் போடும்போது நீண்ட ஆடை தடுக்கும். சங்கிலியின் எண்ணெய் ஆடையில் தெறிக்கும். மழைக்காலத்தில் முன்சக்கரம் வாரி எறியும் சேறு முழங்கால்வரை படியும். வழியில் டயர் பழுதுற்றால், சங்கிலியையும் அச்சையும் கழற்றாமல் பின்சக்கரத்தை வெளியே எடுத்தல் அரிது. வண்டியின்மேல் பற்றுடையோர் இவற்றைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் வண்டியைத் தம் தொழிலுக்குரிய கருவியாக மட்டும் கருதுவோர் இத்தொல்லைகளை நாள்தோறும் எண்ணி வருந்துவர்.

இத்தொல்லைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, அவற்றிற்கு விடை தேடியவர் இத்தாலி நாட்டைச் சேர்ந்த பொறியியல் அறிஞர் ஒருவர். அவர் பெயர் கொராடினோ தஸ்கானியோ. 1891-ஆம் ஆண்டு பிறந்த அவர், வான ஊர்திகளை அமைப்பதில் வல்லவர். 1930-ஆம் ஆண்டிலேயே அவர் அமைத்த ஹெலிகாப்டர் வானில் எழுந்து பறந்து புகழ் பெற்றது. மோட்டார் சைக்கிள்மீது அவருக்கு விருப்பம் சிறிதும் இல்லை. அவ்வெறுப்பே பின்னர் உலகிற்கு ஒரு நன்மையாக முடிந்தது.

இரண்டாம் உலகப் போரில் இத்தாலி பெருந்துன்பம் அடைந்தது. அந்நாட்டின் போண்டெடேரா என்னும் ஊரில் பியாஜ்ஜியோ நிறுவனத்தின் விமானத் தொழிற்சாலை இருந்தது. போர்க்காலத்தில் எதிரிகளின் குண்டுவீச்சினால் அது சிதைந்தது. 1945-ஆம் ஆண்டு போர் முடிந்தது. போர் விமானங்களுக்கு இனி வேலை இல்லை. தொழிலாளர்க்கோ வாழ்வு வேண்டும். சாலைகள் பழுதுற்றிருந்தன, மக்களிடம் பொருள் இல்லை. மோட்டார் கார் வாங்குதல் பெரும்பாலோர்க்குக் கனவாக இருந்தது. குறைந்த விலையில், ஆடவரும் மகளிரும் எளிதில் ஓட்டக்கூடிய வண்டி ஒன்றைச் செய்தால் மக்களும் பிழைப்பர், தொழிற்சாலையும் பிழைக்கும் என்று அந்நிறுவனத்தின் தலைவர் என்ரிகோ பியாஜ்ஜியோ எண்ணினார்.

முதலில் செய்து பார்த்த வண்டி அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஆதலின் அப்பணியைத் தஸ்கானியோவிடம் ஒப்படைத்தார். மோட்டார் சைக்கிளை விரும்பாதவராகிய தஸ்கானியோ, அதைத் திருத்தி அமைக்க முற்படவில்லை. அதன் குறைகளையே தமக்கு வழிகாட்டியாகக் கொண்டார். சங்கிலி ஆடையைக் கெடுக்கின்றதா? அவர் சங்கிலியையே நீக்கினார். எஞ்சினைப் பின்சக்கரத்தை ஒட்டியே அமைத்து, பற்சக்கரங்களின் வாயிலாக நேரே அதனைச் சுழலச் செய்தார். காலைத் தூக்கிப் போடுவது கடினமா? இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இருந்த இடத்தைத் திறந்து விட்டுக் கால் வைக்கத் தட்டையான தளம் ஒன்றை அமைத்தார். நாற்காலியில் அமர்வதுபோல் அதில் அமரலாம். சேறு தெறிக்கின்றதா? முன்னே அகன்ற தகடு ஒன்றை நிறுத்திக் கால்களுக்குக் காப்பளித்தார். டயரைக் கழற்றுவது அரிதா? விமானத்தின் சக்கரத்தைப் போல ஒருபுறத்துத் தாங்கியிலேயே சக்கரத்தைப் பொருத்தினார். ஆதலின் சில மரைகளைக் கழற்றிய அளவில் சக்கரம் கைக்கு வந்துவிடும். கியரை மாற்றும் அமைப்பைக் காலிலிருந்து இடக்கைப் பிடிக்கு மாற்றினார்.

வண்டியின் உடலமைப்பிலும் விமானக் கலையே உதவியது. மோட்டார் சைக்கிளில் இரும்புக் குழாய்ச் சட்டம் எடையைத் தாங்கும். தஸ்கானியோவோ வளைத்து அழுத்திய எஃகுத் தகட்டையே வண்டியின் உடலாக்கி, அவ்வுடலே எடை முழுவதையும் தாங்குமாறு செய்தார். தனிச் சட்டம் தேவைப்படவில்லை. முன்புறமும் பின்புறமும் பருத்து, நடுவில் இடை சிறுத்துத் தோன்றிய அவ்வண்டியைக் கண்ட பியாஜ்ஜியோ, குளவி போல் இருக்கின்றது என வியந்தார் என்பர். குளவிக்கு இத்தாலிய மொழியில் வெஸ்பா என்பது பெயர். அதுவே வண்டிக்கும் பெயராயிற்று. 1946-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் ஃபுளோரன்ஸ் நகரில் அதன் காப்புரிமைக்கு விண்ணப்பம் செய்யப்பட்டது. முதலில் வந்த வண்டியின் எஞ்சின் 98 சி.சி. அளவினது, மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் செல்ல வல்லது. அடுத்த ஆண்டே, அதாவது 1947-இல், மிலான் நகரில் லாம்பிரெட்டா என்னும் மற்றொரு ஸ்கூட்டர் போட்டிக்கு வந்தது. 1956-ஆம் ஆண்டிற்குள் வெஸ்பா வண்டிகள் பத்து இலட்சம் செய்யப்பட்டுவிட்டன. போரினால் நலிந்த ஒரு நாட்டு மக்கள் மீண்டும் வேலைக்குச் செல்லவும், உற்றாரைக் காணவும், விடுமுறையில் கடற்கரைக்குப் போகவும் அவ்வண்டி துணை செய்தது.

ஸ்கூட்டருக்கு முன்னோடிகள் அதற்கு முன்னரே சில நாடுகளில் தோன்றியதுண்டு. எனினும், ஓட்டுவோரின் உடை, உடல், தொழில் ஆகியவற்றை முன்னிறுத்தி எழுந்த வடிவம் என்னும் சிறப்பினால் வெஸ்பாவே பிற்கால ஸ்கூட்டர்கள் பலவற்றிற்கும் முன்மாதிரி ஆயிற்று. மோட்டார் சைக்கிள் தன்னை ஓட்டக் கற்றவரைத் தேடுகின்றது; ஸ்கூட்டர் தன்னை ஓட்டுவோரின் இயல்புக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்கின்றது. சிலர் ஸ்கூட்டரை விரும்புவதற்கு அடிப்படைக் காரணம் இதுவே.

இந்திய நாட்டிற்கும் ஸ்கூட்டர் விரைவில் வந்து சேர்ந்தது. 1950களில் பம்பாயில் லாம்பிரெட்டா வண்டிகள் பூட்டி இணைக்கப்பட்டன. 1960களின் தொடக்கத்தில் பூனா அருகே பஜாஜ் நிறுவனம் வெஸ்பாவின் உரிமம் பெற்று ஸ்கூட்டர்களைச் செய்யத் தொடங்கியது. அவ்வுரிமம் முடிந்தபின் 1972-இல் சேதக் என்னும் பெயரில் வண்டியை வெளியிட்டது. அது இராணா பிரதாப் சிங்கின் குதிரை தாங்கிய பெயர். அக்காலத்தில் வண்டி வேண்டுவோர் பலர், செய்யப்பட்டவையோ சில. ஆதலின் பணம் கட்டிப் பல ஆண்டுகள் காத்திருந்து ஸ்கூட்டர் பெற்றோர் உண்டு. கணவன் ஓட்ட, மனைவி பின்னே அமர, கால்தளத்தில் காய்கறிப் பை நிற்க, பின்புறத்தில் ஸ்டெப்னி எனப்படும் மாற்றுச் சக்கரம் தொங்கச் செல்லும் காட்சி நடுத்தரக் குடும்பத்தின் அடையாளமாயிற்று.

ஆயினும் ஸ்கூட்டரின் செல்வாக்கு என்றும் ஒரே நிலையில் இருக்கவில்லை. 1985-இல் நான்கு வீச்சு எஞ்சினோடு கூடிய 100 சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்றை ஹீரோ ஹோண்டா நிறுவனம் இந்தியாவில் வெளியிட்டது. அது குறைந்த பெட்ரோலில் நெடுந்தொலைவு சென்றது. பழைய இருவீச்சு ஸ்கூட்டர்கள் அதற்கு ஈடுகொடுக்க இயலவில்லை. 1990களின் இறுதியில் மக்கள் பெருவாரியாக மோட்டார் சைக்கிளின் பக்கம் சாய்ந்தனர். ஸ்கூட்டரின் காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர். அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கியது கியர் இல்லாத ஸ்கூட்டர். 1984-இலேயே கைனெடிக் ஹோண்டா என்னும் அத்தகைய வண்டி இந்தியாவில் வெளிவந்தது. 1990களில் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். நிறுவனத்தின் ஸ்கூட்டி வந்தது. 2001-இல் வந்த ஹோண்டா ஆக்டிவா அவ்வகையை நாடெங்கும் பரப்பியது.

கியர் இல்லாத வண்டி எங்ஙனம் இயங்குகின்றது என்பது அறிந்து மகிழத்தக்கது. அதில் முன்னே ஒரு கப்பியும் பின்னே ஒரு கப்பியும் உள்ளன. இரண்டையும் ஒரு பெல்ட் இணைக்கின்றது. ஒவ்வொரு கப்பியும் எதிரெதிர் நோக்கிய இரண்டு கூம்புத் தட்டுகளால் ஆனது. வண்டி புறப்படும்போது முன்கப்பியின் தட்டுகள் விலகி நிற்கும். ஆதலின் பெல்ட் அச்சின் அருகே தாழ்ந்து கிடக்கும். பின்கப்பியின் தட்டுகள் நெருங்கி நிற்பதால், அங்கே பெல்ட் விளிம்பின் அருகே உயர்ந்து கிடக்கும். சிறு கப்பி பெருங்கப்பியைச் சுழற்றுவது போன்ற நிலை இது. அதனால் வேகம் குறைந்தும் இழுக்கும் ஆற்றல் மிகுந்தும் இருக்கும். எஞ்சின் விரைந்து சுழலும்போது, முன்கப்பியினுள் இருக்கும் சிறு உருளைகள் வெளிநோக்கி நகர்ந்து தட்டுகளை நெருக்கும். பெல்ட் அங்கே மேலேறும்; பின்கப்பியில் கீழிறங்கும். இப்போது பெருங்கப்பி சிறு கப்பியைச் சுழற்றுவது போலாகி, வண்டி விரைந்து செல்லும். வண்டி நிற்கும்போது எஞ்சினைச் சக்கரத்திலிருந்து பிரிக்கும் கிளட்சும் தானே இயங்கும் இயல்பினது. ஆதலின் ஓட்டுவோர் கிளட்சைப் பிடித்து, கியரை மாற்றி, மீண்டும் விடும் வேலை அனைத்தும் நீங்கியது. நெரிசல் மிகுந்த தெருவில் நூறு முறை நின்று நூறு முறை புறப்பட வேண்டியவர்க்கு இஃது எத்துணைப் பெரிய ஓய்வு என்பது சொல்லாமலே விளங்கும்.

இவ்வெளிமையால் விளைந்த பெரும்பயன் ஒன்றுண்டு. புடைவை உடுத்த மகளிர், நெடுங்காலம் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் ஒருபக்கமாக அமர்ந்தே சென்றனர். அவர்கள் எப்போது புறப்படுவது, எங்கே செல்வது என்பன பெரும்பாலும் ஓட்டுவோரின் ஓய்வைப் பொறுத்தே அமைந்தன. திறந்த நடுவிடமும் கியர் இல்லாத எளிமையும் கொண்ட ஸ்கூட்டர் வந்தபின், அவர்களுள் பலர் முன்னிருக்கைக்கு வந்தனர். பேருந்து நாளுக்கு இருமுறையே வரும் சிற்றூரில் பணியாற்றும் ஆசிரியைக்கும் செவிலிக்கும் இது சிறிய மாற்றம் அன்று. எட்டாத் தொலைவில் இருக்கின்றது என்று விட்டுவிட வேண்டியிருந்த வேலையை அவர்கள் ஏற்க முடிந்தது. 2018-ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு, பணிபுரியும் மகளிர் கியர் இல்லாத இருசக்கர ஊர்தி வாங்க மானியம் அளிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஓர் ஊர்தி வாழ்வாதாரத்தோடு எவ்வளவு நெருங்கிய தொடர்புடையது என்பதற்கு அதுவும் சான்றாகும்.

இதனால் ஸ்கூட்டர் மகளிர்க்கே உரியது என்றோ, மகளிர்க்கு மோட்டார் சைக்கிள் ஆகாது என்றோ கருதுதல் கூடாது. மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் செய்யும் மகளிர் பலர் உள்ளனர். அங்ஙனமே ஸ்கூட்டரை விரும்பும் ஆடவரும் பலர். வேட்டி உடுத்துவோர், முழங்கால் வலியினால் காலைத் தூக்க இயலாத முதியோர், கால்தளத்தில் சரக்கு வைத்துக் கடைதோறும் கொண்டு சேர்க்கும் வணிகர் ஆகியோர் அதனை நாடுவதில் வியப்பில்லை. இருக்கையின் அடியில் உள்ள அறையில் மழையில் நனையக்கூடாத தாள்களை வைக்கலாம். உணவுப் பாத்திரத்தையும் வைக்கலாம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இவ்வசதி இல்லை.

குணம் நாடுவோர் குற்றமும் நாடுதல் முறை. ஸ்கூட்டரின் முதற்குறை அதன் சிறிய சக்கரம். இதனைக் கணக்கினாலேயே அறியலாம். ஒரு சக்கரத்தின் ஆரம் 20 செ.மீ. என்றும், மற்றொன்றின் ஆரம் 30 செ.மீ. என்றும் கொண்டால், 20 செ.மீ. அகலமுள்ள பள்ளத்தைக் கடக்கும்போது முதற்சக்கரம் ஏறத்தாழ 2.7 செ.மீ. கீழிறங்கும், இரண்டாம் சக்கரம் 1.7 செ.மீ. அளவே கீழிறங்கும். செங்கோண முக்கோணத்தின் விதியை அறிந்த மாணவர் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். பழுதுற்ற சாலையில் ஸ்கூட்டர் மிகுதியாகக் குலுங்குவது இதனாலேயாம். சிறு சக்கரத்தை உடைய வண்டி மிகுந்த வேகத்தில் பெரிய சக்கர வண்டியைப் போல் உறுதியாக நிற்பதும் இல்லை. எஞ்சின் பின்னே இருப்பதால் எடையும் பின்னே சாயும். பழைய வெஸ்பா போன்ற வண்டிகளில் எஞ்சின் வலப்புறம் அமைந்தமையால் ஒருபுறமும் சாயும். பெல்ட்டின் உராய்வினால் ஆற்றலில் ஒரு பகுதி வீணாகும். நாள்தோறும் நெடுஞ்சாலையில் நெடுந்தொலைவு செல்வோர்க்கும், மலைப்பாதையிலும் கரட்டு வழியிலும் செல்வோர்க்கும் மோட்டார் சைக்கிளே ஏற்றது என்பதில் ஐயமில்லை.

இக்காலத்தில் மின்னாற்றலால் இயங்கும் ஸ்கூட்டர்களும் பெருகி வருகின்றன. சேதக் என்னும் பழம்பெயரே 2020-ஆம் ஆண்டு மின்ஸ்கூட்டருக்குச் சூட்டப்பட்டு மீண்டும் வந்தது. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவையைத் தர வல்லது. ஆதலின் பல படிகள் கொண்ட கியர் அதற்குத் தேவைப்படுவதில்லை. எடை மிகுந்த மின்கலத் தொகுதியைப் பல வண்டிகளில் கால்தளத்தின் கீழே வைத்துள்ளனர். சேற்றிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் ஆடையைக் காக்க எழுந்த வடிவம், எழுபது ஆண்டுகளுக்குப் பின் முற்றிலும் வேறான ஓர் ஆற்றலுக்கும் இடந்தந்து நிற்கின்றது.

ஆகவே, இவ்விரண்டு ஊர்திகளுள் எது உயர்ந்தது என்னும் வினா பொருளற்றது. யாருக்கு, எவ்வழியில், எப்பணிக்கு என்று கேட்ட பின்னரே விடை கூற இயலும். உழுவதற்கு ஏற்ற எருதும் பந்தயத்திற்கு ஏற்ற குதிரையும் தத்தம் இடத்தில் சிறப்புடையனவே. எதில் ஏறினும் பதினெட்டு வயது நிரம்பி உரிமம் பெற்றிருத்தலும், தலைக்கவசம் அணிதலும், சாலை விதிகளைப் போற்றுதலும் கடமை ஆகும். வேகத்தைக் காட்டுவதில் வீரம் இல்லை. புறப்பட்டவர் நலமாக வீடு திரும்புவதிலேயே ஓட்டும் திறன் விளங்கும்.

தஸ்கானியோவின் வரலாறு மாணவர்க்கு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. அவர் மோட்டார் சைக்கிளை வெறுத்தார்; ஆனால் வெறுத்ததோடு நின்றுவிடவில்லை. எது இடையூறு, எதனால் இடையூறு என்று ஒவ்வொன்றாக எண்ணி, ஒவ்வொன்றிற்கும் மாற்றுக் கண்டார். தமக்கு நேர்ந்த சிறு தொல்லைகளை மறைக்காமல் ஏற்றுக்கொண்டமையால், அதே தொல்லையால் வருந்திய பல இலட்சம் மக்களுக்கு அவர் வழி திறந்தார். குறை கூறுவோர் உலகில் பலர். குறையைக் கூர்ந்து நோக்கி அதனை நீக்குவோர் சிலர். அச்சிலரால்தான் உலகம் எளிதாகின்றது.